புதுமைப் பெண் பணம்: ஐந்து மாதம் செஞ்சியில் கிடந்த என் 5,000 ரூபாய்

நேற்று மதியம் ராயப்பேட்டை மணிக்கூண்டு நிறுத்தத்தில் பஸ்ஸுக்கு நின்றபோது போனில் செய்தி வந்தது. கணக்கில் 1,000 ரூபாய் வரவு. என் சென்னைக் கணக்கில் புதுமைப் பெண் பணம் ஏறுவது இதுதான் முதல் முறை. 2024 ஜூலையில் கல்லூரியில் சேர்ந்தேன், இப்போது முதல் ஆண்டே முடியப்போகிறது. இடையில் பட்ட பாட்டை எழுதியே ஆக வேண்டும். எங்கள் வகுப்பிலேயே இன்னும் நாலு பேர் "எனக்கு வரவே இல்ல" என்று அலுவலக வாசலில் நிற்கிறார்கள்.

திட்டம் தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குக் கல்லூரி முடியும்வரை மாதம் 1,000 ரூபாய். 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கினார்கள். வருமான வரம்பு இல்லை, வேறு உதவித்தொகை வாங்கினாலும் இது உண்டு. விடுதியில் இருக்கும் என்னைப் போன்றவளுக்கு ரெக்கார்டு நோட்டு, ஜெராக்ஸ், சோப்பு, ஊருக்குப் போகும் பஸ் காசு எல்லாம் இதிலேயே அடங்கிவிடும். அந்த நம்பிக்கையில்தான் அம்மாவிடம், "மாசாமாசம் எனக்கு நீ காசு அனுப்ப வேணாம்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பதிவு செய்ததில் ஒரு சிக்கலும் இல்லை. பள்ளியில் ஒவ்வொரு மாணவருக்கும் கொடுக்கும் எமிஸ் எண், ஆதார், பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், கல்லூரிக்குப் பக்கத்தில் புதிதாகத் திறந்த வங்கிக் கணக்கின் பாஸ்புக் முதல் பக்கம். எல்லாம் ஒரே நாளில் முடிந்தது.

அக்டோபரில் மற்ற பெண்களுக்குப் பணம் வந்தது. எனக்கு வரவில்லை. அடுத்த மாதம் வரும் என்று இருந்தேன். நவம்பர் போனது, டிசம்பரும் போனது. கல்லூரி அலுவலகத்தில் உதவித்தொகைப் பிரிவைப் பார்ப்பவரிடம் மூன்று முறை போனேன். முதல் முறை, "சிஸ்டத்துல சக்சஸ்னு இருக்கு, நல்லா பாரும்மா" என்றார். இரண்டாம் முறை பாஸ்புக்கில் வரவு செலவை அச்சடித்துக்கொண்டு போய்க் காட்டினேன். அதைக் கையில்கூட வாங்கவில்லை. மூன்றாம் முறை வரிசையில் எனக்குப் பின்னால் பத்துப் பதினைந்து பேர் நிற்கும்போது, "ஏம்மா, பணத்த வாங்கிட்டே வரலன்னு சொல்றியா?" என்று கேட்டார். அன்றைக்கு மதியச் சாப்பாடு எனக்கு இறங்கவில்லை. பொய் சொல்லிக் காசு கேட்கும் வீட்டிலிருந்து நான் வரவில்லை.

உண்மையில் அவருடைய திரையில் இருந்ததும் சரி, என் பாஸ்புக்கில் இருந்ததும் சரி. அரசு பணத்தை அனுப்பியிருந்தது. அது எந்த வங்கிக்குப் போனது என்று பார்க்கத்தான் அவருக்குத் தோன்றவில்லை. எனக்கும் அப்போது தெரியாது.

அடுத்து வங்கி. புதுக் கணக்கு இருக்கும் கிளையில் போய் ஆதார் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டேன். கவுன்டரில் இருந்தவர் கணினியைப் பார்த்து, "லிங்க் ஆயிருக்கும்மா" என்றார். நிம்மதியாகத் திரும்பி வந்தேன். ஜனவரியிலும் பணம் வரவில்லை. மறுபடி போனேன், மறுபடி அதே பதில்.

இதைப் படிக்கிறவர்கள் நினைவில் வைக்க வேண்டியது இதுதான். வங்கியில் சொல்லும் லிங்க் வேறு, சீடிங் வேறு. கணக்கு திறக்கும்போது அடையாளச் சான்றாக ஆதார் கொடுக்கிறோமே, அது ஏறியிருந்தாலே லிங்க் என்று சொல்லிவிடுகிறார்கள். ஆனால் அரசுப் பணம் நாம் எழுதிக் கொடுத்த கணக்கு எண்ணைப் பார்த்து வருவதில்லை, ஆதார் எண்ணைப் பார்த்து வருகிறது. எந்த ஆதாருக்கு எந்த வங்கி என்று, வங்கிகளுக்கு இடையிலான பணப் பரிமாற்றத்தைப் பார்க்கும் என்.பி.சி.ஐ. நிறுவனத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது. மேப்பர் என்பார்கள். அதில் ஏற்றுவதுதான் சீடிங். ஒரு ஆதாருக்கு ஒரு வங்கிதான் அதில் இருக்கும். அந்தப் பட்டியலில் எந்த வங்கி இருக்கிறதோ அங்கேதான் பணம் போகும், நீங்கள் எத்தனை பாஸ்புக் நகல் கொடுத்திருந்தாலும் சரி. இதைச் சொல்ல அந்தக் கவுன்டரில் ஒரு நிமிடம் ஆகியிருக்குமா? அந்த ஒரு நிமிடம் கிடைக்காததால் எனக்கு இரண்டு மாதம் போனது.

கண்டுபிடித்துக் கொடுத்தது விடுதியில் என் அறைக்கு எதிர் அறையில் இருக்கும் மூன்றாம் ஆண்டு அக்கா. ஒரு ராத்திரி அவருடைய போனில் மைஆதார் தளத்தைத் திறந்து, "உன் ஆதார் நம்பர் சொல்லு" என்றார். ஓ.டி.பி. ஊரில் அப்பா போனுக்குப் போனது. ஆதாரில் இருந்தது அந்த எண்தான். தம்பியை எழுப்பி எண்ணைப் படிக்கச் சொன்னோம். அவன் தூக்கக் கலக்கத்தில் இரண்டு முறை தப்பாகச் சொன்னான், மூன்றாம் முறை உள்ளே போனோம். 'பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்' என்று ஒரு இடம் இருக்கிறது. அதைத் தொட்டதும் ஒரு வங்கிப் பெயர் வந்தது. என் சென்னை வங்கி இல்லை. ஒன்பதாம் வகுப்பில் பள்ளியில் எல்லோருக்கும் சேர்த்துத் திறந்த செஞ்சிக் கிளையின் வங்கி. அப்படி ஒரு கணக்கு இருப்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

நான் அழுதுவிட்டேன். அக்கா, "பணம் எங்கயும் போகலடி, அங்கதான் இருக்கு" என்று தட்டிக் கொடுத்தார்.

மறுநாளே வார்டனிடம் கடிதம் கொடுத்துவிட்டு, வியாழக்கிழமை விடியற்காலை கிளம்பினேன். ராயப்பேட்டையிலிருந்து பஸ் மாறிக் கிளாம்பாக்கம், அங்கிருந்து திருவண்ணாமலை பஸ். செஞ்சிக் கோட்டை கண்ணில் படும்போது மணி பத்தரை. பதினொரு மணிக்கு வங்கியில் இருந்தேன். அங்கே இருந்தவர் ஆதாரை வாங்கி எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னது: கணக்கு செயலற்றுப் போய்விட்டது, பணம் ஏறியிருக்கிறது, எடுக்க முடியாது. இது மைனர் கணக்கு, காப்பாளராகக் கையெழுத்துப் போட்ட அம்மா வர வேண்டும். பாஸ்புக் தொலைந்ததற்குக் கடிதம் வேண்டும், போட்டோ இரண்டு வேண்டும். கணக்கை மறுபடி உயிர்ப்பிக்க 500 ரூபாய் கட்ட வேண்டும்.

அம்மா அன்று மல்லாட்டைக் கொல்லையில் களை எடுக்கப் போயிருந்தார், எங்கள் ஊர் செஞ்சியிலிருந்து இன்னும் 14 கிலோமீட்டர். போன் செய்தால் எடுக்கவில்லை. வங்கி வாசலில் ஒரு மணி நேரம் நின்றுவிட்டு வீட்டுக்குக்கூடப் போகாமல் சென்னைக்குத் திரும்பினேன். மறுநாள் காலை உள் மதிப்பீட்டுத் தேர்வு இருந்தது. போக வர 300 ரூபாய், ஒரு நாள் வருகைப் பதிவு, எல்லாம் வீண். முதலில் போன் செய்து என்னென்ன வேண்டும் என்று கேட்டிருக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் கிளையின் தொலைபேசியை யார் எடுக்கிறார்கள்?

அன்று இரவு அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு அம்மா சொன்னார்: "அட, எங்களுக்கும் நூறு நாள் வேலைக் காசு இப்டிதானே ஆச்சி. ஆதார் எந்த பேங்க்ல கடைசியா ஏத்துனமோ அங்க பூடும். இத எங்கிட்ட அப்பவே கேட்டிருக்கக்கூடாதா பாப்பா?" 2024 ஜனவரி முதல் நூறு நாள் வேலைக் கூலியை ஆதார் வழியாக அனுப்புவது கட்டாயமாக்கப்பட்டது. ஊரில் பாதிப் பேர் இந்த அவதியைப் பட்டுத் தெளிந்திருக்கிறார்கள். கல்லூரி அலுவலகத்திலும் வங்கியிலும் எனக்குக் கிடைக்காத விளக்கம், பள்ளிக்கூடம் போகாத என் அம்மாவிடம் இருந்தது.

அந்த 500 ரூபாய்தான் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. 5,000 ரூபாயை எடுக்க 500 ரூபாயா? எதிர் அறை அக்காவும் நானும் உட்கார்ந்து ரிசர்வ் வங்கித் தளத்தில் தேடினோம். செயலற்ற கணக்குகள் பற்றி 2024 ஜனவரி 1 அன்று ஒரு சுற்றறிக்கை வந்திருக்கிறது, ஏப்ரல் 1 முதல் நடைமுறை. அதில் தெளிவாக இருக்கிறது: செயலற்ற கணக்கை மீண்டும் செயல்படுத்த வங்கி கட்டணம் வாங்கக்கூடாது. அப்படிப்பட்ட கணக்கில் குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று அபராதமும் போடக்கூடாது. இன்னொன்றும் கண்ணில் பட்டது. இதற்கான கே.ஒய்.சி. ஆவணங்களை, அதாவது அடையாள, முகவரிச் சான்றுகளை, அந்த வங்கியின் எந்தக் கிளையிலும் கொடுக்கலாம், கணக்கு இருக்கும் கிளைக்கே போக வேண்டியதில்லை. அந்த வங்கிக்குச் சென்னையில் எத்தனையோ கிளைகள் உண்டு. உங்களுடையது மைனராக இருந்தபோது திறக்காத சாதாரணக் கணக்கு என்றால், தயவுசெய்து முதலில் பக்கத்துக் கிளையில் கேளுங்கள். ஊருக்கு ஓடாதீர்கள். என் விஷயத்தில் அம்மாவும் கையெழுத்துப் போட வேண்டியிருந்ததால், எப்படியும் செஞ்சிதான்.

பிப்ரவரி முதல் வாரம் முந்தைய நாளே வீட்டுக்குப் போய், காலையில் அம்மாவும் நானும் சேர்ந்து போனோம். அம்மாவுக்கு ஒரு நாள் கூலி போனது. இந்த முறை கையில் எல்லாம் இருந்தது: இருவர் ஆதாரும் நகலும், போட்டோ, பாஸ்புக் தொலைந்த கடிதம். பான் அட்டை என்னிடம் இல்லை, அதற்குப் பதில் படிவம் 60 என்று ஒன்று வங்கியிலேயே கொடுக்கிறார்கள். நான் மேஜர் ஆனதற்கான புது மாதிரிக் கையெழுத்தும் வாங்கினார்கள்.

500 ரூபாய்ப் பேச்சு மறுபடி வந்தது. "சார், இதுக்குக் கட்டணம் கிடையாதுன்னு ரிசர்வ் பேங்க் சொல்லியிருக்கு" என்றேன். குரல் நடுங்கியது. அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "யார் சொன்னது?" என்றார். போனில் இறக்கி வைத்திருந்த சுற்றறிக்கையைக் காட்டினேன். மேலாளரைப் பார்க்கச் சொன்னார். மேலாளர் ஒரு பெண். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். பிறகு வெளியே வந்து அவரிடம், "சார்ஜ் போடாதீங்க, ஸ்காலர்ஷிப் அக்கவுன்ட்" என்று சொல்லிவிட்டு, அம்மாவை நாற்காலியில் உட்காரச் சொன்னார். அந்த மேலாளரை நான் மறக்க மாட்டேன்.

பிற்பகல் இரண்டரைக்குப் புதுப் பாஸ்புக்கில் வரவு அச்சாகி வந்தது. செப்டம்பர் மாதத்துக்கானதிலிருந்து ஜனவரிக்கானது வரை ஐந்து வரிகள், ஒவ்வொன்றும் 1,000. அம்மா அந்த ஐந்து வரிகளையும் விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார்.

சென்னை வந்து சீடிங்கை மாற்றியது கடைசி வேலை. அதற்கு ஒரு ஒப்புதல் படிவம் இருக்கிறது, இப்போது எந்த வங்கியில் இருக்கிறது என்று அதில் எழுத வேண்டும். கவுன்டரில் பழைய பதில்தான் வந்தது: "லிங்க் ஆயிருக்கும்மா." இந்த முறை நான் நகரவில்லை. "என்.பி.சி.ஐ. மேப்பர்ல இந்த பேங்குக்கு மாத்தணும் மேடம், இதோ இதுல வேற பேங்க் இருக்கு" என்று மைஆதார் திரையைக் காட்டினேன். படிவத்தை வாங்கிக்கொண்டார்கள். ஒப்புகையாக நகலில் முத்திரை கேட்டு வாங்குங்கள், நான் வாங்கினேன். ஆறாம் நாள் மைஆதாரில் வங்கிப் பெயர் மாறியிருந்தது. ஆதாரில் போன் எண்ணையும் ஆதார் மையத்துக்குப் போய் என்னுடையதாக மாற்றிவிட்டேன். தம்பியை இனி நடுராத்திரியில் எழுப்ப வேண்டாம்.

புதுமைப் பெண் மட்டும் இல்லை. தமிழ்ப் புதல்வன் வாங்கும் பையன்களுக்கும், போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை வாங்குகிறவர்களுக்கும் இதே வழிதான். ஊரில் பள்ளிக் கணக்கு, இங்கே கல்லூரிக் கணக்கு என்று இரண்டு இருப்பவர்கள் கல்லூரி அலுவலகத்துக்குப் போகும் முன்பே மைஆதாரில் பார்த்துவிடுங்கள். பத்து நிமிட வேலை.

நேற்று ராத்திரி விடுதியில் முதலாண்டுப் பெண்கள் எல்லோருடையதையும் வரிசையாகப் பார்த்தோம். பதினோரு பேரில் இரண்டு பேருக்கு வேறு வங்கி காட்டுகிறது. ஒருத்திக்கு அறந்தாங்கியில் கணக்கு, பாஸ்புக் வீட்டில் இருக்கிறதாம். அவள் காலையில் முதலில் அந்த வங்கியின் மயிலாப்பூர் கிளையில் போய்க் கேட்கப் போகிறாள். சுற்றறிக்கையை அவள் போனுக்கு அனுப்பிவிட்டேன்.