தண்ணீர்ப்பள்ளித் திருநீறு

‘காலைக் கடம்பர், மத்தியானச் சொக்கர், அந்தி ஈங்கோய்நாதர்’ என்பது குளித்தலைப் பக்கத்தில் இன்றும் வழங்கும் சொலவடை. காவிரியின் தென்கரையில் கடம்பவனேசுவரரைக் காலையிலும், அய்யர்மலை இரத்தினகிரீசரை உச்சிப்பொழுதிலும், ஆற்றைக் கடந்து வடகரைத் திருஈங்கோய்மலை மரகதாசலேசுவரரை அந்தியிலும் ஒரே நாளில் தரிசிப்பது பெரும் பேறு என்றும், அதைக் கார்த்திகைச் சோமவாரத்தில் செய்வது இன்னும் சிறப்பு என்றும் என் தாயார் சொல்லி வளர்த்தார். 2025 கார்த்திகையின் இரண்டாம் சோமவாரத்தில் நானும் என் மனைவியும் அந்த யாத்திரைக்குப் புறப்பட்டபோது, எங்களுடன் கத்தோலிக்கரான டீச்சரம்மாவும், எதிர்வீட்டுப் பாயும் வந்தார்கள்.

இந்தச் சேர்க்கை திடீரென்று நேர்ந்ததன்று. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தெருவில் ஒலிபெருக்கி தொடர்பாக ஒரு மனக்கசப்பு உண்டாகி, மூன்று வீடுகள் ஒன்றோடொன்று பேசாமல் இருந்தன. அது ஆறிய பிறகு, மாதம் ஒருமுறை ஒரு வீட்டில் கூடிப் பேசுவது என்று தொடங்கினோம். அங்கே ஒரே ஒரு கட்டுப்பாடுதான். அவரவர் தம் சமயத்தைப் பற்றி மட்டுமே பேச வேண்டும். மற்றவர் சமயத்தைப் பற்றிக் கேள்வி கேட்கலாமே தவிர, தீர்ப்புச் சொல்லக் கூடாது. அந்தக் கூடுகை ஒன்றில் நான் மூன்று கோயில் யாத்திரையைப் பற்றிச் சொன்னபோது, “அப்படியானால் முதல் நாள் இரவு தண்ணீர்ப்பள்ளியில் தங்கலாமே” என்றார் டீச்சரம்மா. குளித்தலைக்கு அருகே, காவிரிக் கரையில், சாந்திவனம் என்று அழைக்கப்படும் சச்சிதானந்த ஆசிரமம் இருக்கிறது. நான் அந்த வழியாகப் பலமுறை போயிருந்தும் உள்ளே காலடி வைத்ததில்லை.

அதை 1950இல் தோற்றுவித்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள் இருவர். ஒருவர் 1939இல் இந்தியா வந்து திருச்சி மறைமாவட்டத்தில் பணியாற்றிய ழூல் மோன்ஷனேன் அடிகளார். மற்றவர் பெனடிக்ட் சபைத் துறவியான ஆன்ரி லெ சோ. முன்னவர் பரம அரூபி ஆனந்தம் என்றும் பின்னவர் அபிஷிக்தானந்தர் என்றும் பெயர் பூண்டு, காவியுடுத்தித் தோப்புக்குள் குடிசையில் வாழத் தொடங்கினார்கள். அதற்கு முந்தைய ஆண்டே இருவரும் திருவண்ணாமலை சென்று ரமண மகரிஷியைக் கண்டிருந்தார்கள். வேதாந்தம் கிறிஸ்துவில் நிறைவெய்தும் என்ற நம்பிக்கையோடுதான் அவர்கள் வந்தார்கள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அபிஷிக்தானந்தர் அருணாசலக் குகைகளில் தனித்திருந்தும், திருக்கோவலூரில் ஞானானந்தகிரி சுவாமிகளின் அருகில் இருந்தும் கற்றவை அவரை வேறொரு மனிதராக்கின. 1968இல் அவர் வடக்கே இமயத்துக்குப் போய்விட, ஆங்கிலேயத் துறவி பீட் கிரிஃபித்ஸ் ஆசிரமத்தின் பொறுப்பேற்று, 1993இல் மறையும்வரை அங்கேயே வாழ்ந்தார்.

ஞாயிறு மாலை நாங்கள் போய்ச் சேர்ந்தோம். நுழைந்தவுடன் எதிரே தெரிந்தது சிறிய கோபுரம். அதில் மூன்று முகங்களைக் கொண்ட ஒரு திருவுருவம். தந்தை, மகன், தூய ஆவி ஆகிய மூவொரு கடவுளை மும்மூர்த்தி வடிவில் காட்டியிருக்கிறார்கள். உள்ளே வட்டத்துக்குள் அமைந்த ஒரு சிலுவை. அதன் நடுவில் ஓங்காரம். மண்டபத்துக்கு அப்பால், எங்கள் கோயில்களைப் போலவே இருண்ட மூலத்தானம், அதன்மேல் விமானம். அந்த விமானத்தின் நான்கு பக்கங்களிலும் கிறிஸ்து வெவ்வேறு கோலங்களில் வீற்றிருக்கிறார். அன்று கிறிஸ்து அரசர் பெருவிழா என்பதால் டீச்சரம்மா முதலில் தேடியது அவருடைய அரசக் கோலத்தை. என் கண் அந்தச் சிலுவையின் நடுவே இருந்த ஓங்காரத்தை விட்டு நகரவில்லை. உண்மையைச் சொன்னால், அது எனக்குச் சங்கடமாக இருந்தது. நாங்கள் மந்திரமாகக் காத்துவரும் ஒன்றை இன்னொரு வீட்டின் வாசலில் பார்ப்பது போன்ற ஓர் உணர்வு.

அந்திவழிபாட்டில் வேத உபநிடத வாசகங்களும் தமிழ்ப் பக்திப் பாடல்களும் விவிலியமும் ஓதப்பட்டன. முடிவில் கற்பூர ஆரத்தி காட்டி, தட்டில் திருநீறு கொண்டுவந்தார்கள். அங்கே காலை வழிபாட்டில் சந்தனம், நண்பகலில் குங்குமம், மாலையில் திருநீறு என்பது முறை. முப்பொழுதுக்கும் மூன்று சிவத்தலங்கள் என்று எண்ணி வந்த எனக்கு, முப்பொழுதுக்கும் மூன்று அடையாளங்கள் வைத்திருக்கும் கிறிஸ்தவ ஆசிரமம் ஒன்றில் அந்த யாத்திரை தொடங்குவது வியப்பாக இருந்தது. தட்டு என் முன்னால் வந்தபோது ஒரு கணம் தயங்கினேன். பிறகு மூன்று விரலால் எடுத்து வழக்கம்போல் பூசிக்கொண்டேன். டீச்சரம்மா ஒரு விரலால் எடுத்துத் தம் நெற்றியில் சிறு சிலுவை வரைந்தார். பாய் கையைக் கூப்பாமல், நெஞ்சில் வைத்துத் தலையசைத்து, தட்டை அடுத்தவருக்கு விட்டார். தட்டை ஏந்தியவர் மூவருக்கும் ஒரே புன்னகையைத் தந்து நகர்ந்தார்.

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு திண்ணையில் அமர்ந்து திருநீற்றைப் பற்றியே பேசினோம். பசுஞ்சாணத்தைச் சுட்டு நீறாக்கும் முறையை என் மனைவி விளக்கினாள். கத்தோலிக்கர்கள் தவக்காலத்தின் முதல் நாளைத் தமிழில் ‘திருநீற்றுப் புதன்’ என்றுதான் சொல்வார்கள் என்பதை டீச்சரம்மா சொன்னபோது, என் வாழ்நாள் முழுவதும் தேவாலயத்துக்குப் பக்கத்திலேயே குடியிருந்தும் அந்தச் சொல்லைக் காதில் வாங்காமல் இருந்திருக்கிறேனே என்று வெட்கினேன். முந்தைய ஆண்டின் குருத்தோலை ஞாயிற்றன்று கையில் ஏந்திய ஓலைகளை வீட்டில் சிலுவையருகே செருகி வைத்திருந்து, மறு ஆண்டில் கோயிலுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார்களாம். அவற்றை எரித்த சாம்பல்தான் அன்று நெற்றியில் இடப்படுமாம். மனிதன் மண்ணுக்குத் திரும்புகிறவன் என்று நினைவூட்டி, மனந்திரும்பச் சொல்வதற்கான அடையாளம் அது. எங்களுக்கோ நீறு என்பது ஆணவம், கன்மம், மாயை என்னும் மலங்கள், அதாவது உயிரைப் பற்றிய அழுக்குகள், எரிந்தபின் எஞ்சும் தூய்மை. எரிப்பவனாகிய சிவனே அதை அணிந்திருக்கிறான். இரண்டும் சாம்பல்தான் என்றாலும் ஒன்று துக்கத்திலிருந்து தொடங்குகிறது, மற்றொன்று அருளிலிருந்து தொடங்குகிறது என்று எனக்குத் தோன்றியது. “எங்களுடையதும் அருளில்தான் முடிகிறது, ஆனால் நாற்பது நாள் ஆகும்” என்றார் டீச்சரம்மா.

என் சங்கடத்தை ஆசிரமத்துத் துறவி ஒருவரிடம் அன்றிரவே சொன்னேன். அவர் மழுப்பவில்லை. “இந்து அன்பர்கள் சிலர் இதை அபகரிப்பு என்கிறார்கள், கிறிஸ்தவர்கள் சிலர் இதைக் கலப்படம் என்கிறார்கள். இரு தரப்பாரும் மனம் வருந்தித்தான் பேசுகிறார்கள் என்பதை நாங்கள் மறக்கக் கூடாது” என்றார். பிறகு, பிற சமயங்களில் உள்ள உண்மையும் தூய்மையுமான எதையும் திருச்சபை தள்ளுவதில்லை என்று கத்தோலிக்க ஆயர்களின் பேரவையான இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28இல் அறிவித்ததையும், ஆரத்தியும் தரையில் அமர்தலும் கைகூப்புதலும் உள்ளிட்ட பன்னிரண்டு வழக்கங்களுக்கு 1969இல் இந்தியத் திருச்சபைக்கு அனுமதி கிடைத்ததையும் எடுத்துச் சொன்னார். சாந்திவனம் அதற்கெல்லாம் முன்பே பிறந்துவிட்டது. “அனுமதி ரோமிலிருந்து வந்தது. உங்களிடம் நாங்கள் கேட்டோமா என்பது வேறு கேள்வி, அதைக் கேட்கத்தான் உங்களைப் போன்றவர்கள் வர வேண்டும்” என்று அவர் முடித்தார். என் சங்கடம் அதனால் தீர்ந்துவிடவில்லை. ஆனால் அதை முகத்துக்கு நேரே சொல்ல முடிந்த இடம் என்பதால் அந்த ஆசிரமத்தின்மேல் எனக்கு மதிப்புக் கூடியது.

மறுநாள் விடியலில் காவிரிக் கரையில் அவர்கள் மௌனமாக அமர்ந்திருந்தபோது, பாய் சுபுஹு தொழுகையை முடித்துவிட்டுப் படித்துறையில் இரண்டு பாட்டில்களில் தண்ணீர் பிடித்தார். காலை வழிபாட்டில் சந்தனம் பெற்றுக்கொண்டோம். திருப்பலியில், அர்ச்சித்த அப்பமான நற்கருணையை வழங்கும் நேரத்தில் டீச்சரம்மா மட்டும் எழுந்து சென்றார். நாங்கள் மூவரும் இருந்த இடத்திலேயே இருந்தோம். அது அவர்கள் விசுவாசத்தின் உள்வீடு என்பதை முன்பே அறிந்திருந்தோம்.

அங்கிருந்து கடம்பர் கோயில். லிங்கத்துக்குப் பின்னால் சப்தகன்னியர் எழுந்தருளியிருக்கும், வடக்கு நோக்கிய சந்நிதி அது. கார்த்திகைக் கூட்டம் மிகுதி என்பதால் விரைவாகத் தரிசித்துவிட்டு அய்யர்மலைக்குப் புறப்பட்டோம்.

அய்யர்மலைக்கு 1,017 படிகள். பாய்க்கு முழங்கால் வலி இருந்ததால் அடிவார மண்டபத்தில் தங்கிக்கொண்டார். டீச்சரம்மா எங்களுக்கு முன்னால் ஏறினார். சுவாமியின் திருமஞ்சனத்துக்குக் காவிரியிலிருந்துதான் நீர் சுமந்து வருவார்கள். ஏறும்போது அந்த வழக்கத்தையும் தலபுராணத்தையும் சொல்லிக்கொண்டே போனேன். மணிமுடியை இழந்த அரசன் ஒருவன் இங்கே வந்தான். அந்தணர் வடிவில் இருந்த இறைவன், ஒரு தொட்டியைக் காவிரி நீரால் நிரப்பச் சொன்னான். எவ்வளவு ஊற்றியும் தொட்டி நிறையவில்லை. சினந்த அரசன் வாளை வீச, அந்த வெட்டு லிங்கத்தின் முடியில் தழும்பாக நின்றுவிட்டது. முடித்தழும்பர் என்று சுவாமிக்குப் பெயர் வந்தது அதனால்தான். தலத்துக்கும் வாட்போக்கி என்றே பெயர். 

டீச்சரம்மா படியில் நின்றுவிட்டார். “எங்கள் ஆண்டவருக்கும் தழும்பு உண்டு சார். உயிர்த்த பிறகும் அதை மறைக்கவில்லை, நம்பாத தோமாவிடம் கையை நீட்டிக் காட்டினார்” என்றார். இருவரும் சற்று நேரம் பேசாமல் ஏறினோம். பிறகு நானே சொன்னேன்: இரண்டையும் ஒன்றாக்கிவிடக் கூடாது, எங்கள் சுவாமி வெட்டுப்பட்டது ஒரு திருவிளையாட்டில், வெட்டியவனுக்கும் அருளவே அந்த ஆட்டம், உங்கள் ஆண்டவர் பட்டது வரலாற்றில் ஒரு நாளில், உயிர் போகும் வேதனையில். அவர் ஒத்துக்கொண்டார். ஆனாலும் அடித்தவனை வெறுக்காத தெய்வத்தை இருவரும் கும்பிடுகிறோம் என்பது அந்த வேறுபாட்டைச் சொன்ன பிறகுதான் எனக்கு முழுதாக விளங்கியது.

மேலே சென்றபின், இந்து அல்லாதார் கொடிமரத்தைத் தாண்டுவதில்லை என்ற வழக்கத்தை நான் எப்படிச் சொல்வது என்று தயங்கிக்கொண்டிருந்தேன். அவரே வெளி மண்டபத்தில் அமர்ந்து, “காலையில் நீங்கள் உட்கார்ந்திருந்தீர்கள், இப்போது என் முறை” என்றார். உச்சிக்கால தீபாராதனையின்போது மணியோசை அவருக்கும் கேட்டிருக்கும்.

ஒன்றரை மணியளவில் கீழே இறங்கியபோது பாய் லுஹர் தொழுகைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தார். விடியலில் பிடித்த பாட்டிலை நான் சாய்த்துக்கொண்டேன். அவர் ஒளு, அதாவது தொழுகைக்கு முன் செய்யும் சுத்தம், செய்தார். கை, வாய், மூக்கு, முகம், முழங்கை வரை, பிறகு தலையை ஈரக் கையால் தடவி, கடைசியில் கால். என் கை சற்றுத் தாராளமாகச் சாயவே, அவர் பாட்டிலை மெல்ல நிமிர்த்தினார். “ஓடும் ஆற்றங்கரையில் இருந்தாலும் ஒளுவில் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்பது நபிகளாரின் போதனை, அண்ணே” என்றார். பாதிப் பாட்டில் மீந்தது. அவர் தொழுகை விரிப்பான முஸல்லாவை மேற்கு நோக்கி விரித்துத் தொழுது முடிக்கும்வரை, குரங்குகள் அவருடைய பையை நெருங்காமல் நான் காவல் நின்றேன். மலையுச்சியில் சுவாமி முடிமேல் விழுந்ததும், மண்டப ஓரத்தில் ஓர் அடியாரின் முழங்கையில் வழிந்ததும் ஒரே காவிரி.

அந்திக்கு ஈங்கோய்மலை ஏறி இறங்கியபோது வானம் சிவந்து இருட்டத் தொடங்கியிருந்தது. அடிவாரத்தில் காத்திருந்த பாயும் மக்ரிப் எனும் அந்தித் தொழுகையை முடித்திருந்தார். தேநீர்க் கடையில் பிரசாதத் திருநீற்றை என் மனைவி பொட்டலமாக மடித்துக்கொண்டிருந்தாள். டீச்சரம்மா கைபேசியில் நாள்காட்டியைப் பார்த்து, “2026இல் திருநீற்றுப் புதன் பிப்ரவரி 18” என்றார். அதற்கு மூன்று நாள் முன்பு, 15ஆம் தேதி மகா சிவராத்திரி என்றேன். பாய் விரல்விட்டு எண்ணிவிட்டு, பிறை தெரிவதைப் பொறுத்து ரமலான் நோன்பும் அந்த வாரத்தில்தான் தொடங்கும் என்றார். மூன்று வீட்டிலும் ஒரே வாரத்தில் விரதம். பிப்ரவரிக் கூடுகையை எந்த வீட்டில், எந்த நேரத்தில் வைப்பது என்று பேசத் தொடங்கினோம். நோன்பு திறக்கும் நேரத்தில் தம் வீட்டில் வைக்கலாம் என்றும், கஞ்சியில் இறைச்சி சேர்க்காமல் எங்களுக்குத் தனியாகக் காய்ச்சச் சொல்வதாகவும் பாய் சொன்னார். டீச்சரம்மா அதைக் குறித்துக்கொண்டார்.