எஸ் ஒன் எது, எஸ் டூ எது? போஸ்டிங் முழுக்க அதற்கே போனது

இரண்டாம் ஆண்டு மருத்துவ மாணவர்கள் பன்னிரண்டு பேருக்கு இரண்டு வார மெடிசின் போஸ்டிங் (வார்டுப் பயிற்சி) நேற்றுதான் முடிந்தது. பல்ஸ், பிபி, ஏபெக்ஸ் பீட்டை (இதய நுனியின் துடிப்பை) தொட்டுக் கண்டுபிடிப்பது எல்லாம் இரண்டே நாளில் பிடிபட்டுவிட்டது. ஸ்டெத்தை நெஞ்சில் வைத்து எஸ் ஒன், எஸ் டூ, அதாவது இதயத்தின் 'லப்', 'டப்' ஒலிகளைக் கேட்கப் போன பிறகுதான் வண்டி நின்றது.

முதல் நாள் கோளாறு கருவியில். "ஒண்ணுமே கேக்கல சார்" என்றார்கள் மூன்று பேர். இரண்டு பக்கமும் தலை உள்ள ஸ்டெத்தில் தலையைத் திருகித்தான் ஒரு பக்கத்தைத் திறக்க வேண்டும். அவர்களுடையது பெல்லுக்கு (கிண்ணம் போன்ற பக்கத்துக்கு) திறந்திருக்க, டயாஃப்ரத்தை (தட்டையான சவ்வுப் பக்கத்தை) நெஞ்சில் வைத்திருந்தார்கள். காதில் மாட்டிக்கொண்டு விரல் நுனியால் மெதுவாகத் தட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். இன்னொருவர் திருப்பி மாட்டியிருந்தார். காதில் நுழையும் முனைகள் மூக்குப் பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். காதுத் துளையின் போக்கு அப்படி. சட்டைக்கு மேலே வைத்துக் கேட்ட ஒருவர் துணி உரசியதை பெரிகார்டியல் ரப் (இதய உறை உரசும் ஒலி) என்றே எழுதிவிட்டார். நெஞ்சில் முடி அதிகம் என்றால் அதுவும் கரகரக்கும், கொஞ்சம் தண்ணீர் தொட்டு நனைத்துவிடுங்கள். ஃபேனை நிறுத்தச் சொல்லத் தயங்காதீர்கள்.

இதெல்லாம் சரியான பிறகும் எஸ் ஒன் எது, எஸ் டூ எது என்று பாதிப் பேருக்குத் தெரியவில்லை. நிமிடத்துக்கு 75 துடிப்பு என்றால் ஒரு சுற்று 0.8 வினாடி. அதில் சிஸ்டலி (இதயம் சுருங்கும் நேரம்) சுமார் 0.3, டயஸ்டலி (தளரும் நேரம்) 0.5. நீண்ட இடைவெளிக்குப் பின் வருவது எஸ் ஒன். ஆனால் துடிப்பு 120ஐத் தொட்டால் டயஸ்டலிதான் அதிகம் சுருங்கும். இரண்டு இடைவெளியும் ஏறக்குறைய சமமாகி, கடிகாரம் ஓடுவதுபோல் கேட்கும். காய்ச்சலில் இருந்த நோயாளியிடம் முதல் வகுப்பை வைத்தது எங்கள் தவறு. ஒரு காலை முழுக்க வீணானது.

கரோடிட்டில் (கழுத்துத் தமனியில்) விரல் வைக்காமல் நேரம் குறிக்கவே கூடாது. ஒரு பக்கம் மட்டும், மெல்ல. விரலில் அடிக்கும் துடிப்பை ஒட்டிக் கேட்பது எஸ் ஒன். பலரும் பழக்கத்தில் மணிக்கட்டைத்தான் பிடித்தார்கள். ரேடியல் துடிப்பு தாமதமாக வந்து சேரும், அதை நம்பினால் கணக்கு தப்பும். மைட்ரல் ரிகர்ஜிடேஷன் (மைட்ரல் வால்வில் ரத்தம் பின்னோக்கிக் கசிவது) தரும் மர்மரை, அதாவது இரைச்சலை, இரண்டு பேர் டயஸ்டாலிக் என்று எழுதியது இப்படித்தான்.

அடுத்தது மைட்ரல் ஸ்டெனோசிஸ், அதே வால்வு குறுகிப் போவது. ருமாட்டிக் காய்ச்சலின் மிச்சமாக நம் வார்டுகளில் இன்னமும் பார்க்கிற கேஸ். பேட்ச்சோடு போனால் கட்டில் காலி. எக்கோவுக்கு (இதய ஸ்கேனுக்கு) கூட்டிப் போயிருந்தார்கள். காத்திருந்தோம், திரும்பி வந்தவர் களைத்துப் போயிருந்தார், விட்டுவிட்டோம். முந்தின நாளே சிஸ்டரிடம் கேட்டு வைத்திருந்தால் அந்த அலைச்சல் இல்லை.

மறுநாள் அவரிடமே அனுமதி கேட்டு, திரை போட்டு, சிஸ்டரை உடன் வைத்துக்கொண்டு ஆரம்பித்தோம். இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்து, ஏபெக்ஸ் எங்கே நகர்ந்திருக்கிறது என்று விரலால் மறுபடி தேடி, அங்கே பெல். "அம்மா, மூச்சை வெளியே விட்டுட்டு நிறுத்துங்க." நீங்களும் கூடவே மூச்சை அடக்குங்கள், அப்போதுதான் அவரை எப்போது விடச் சொல்வது என்று தெரியும். முதல் மூன்று பேருக்கும் சத்தமான எஸ் ஒன் மட்டும்தான் கேட்டது. காரணம் தோலிலேயே இருந்தது: ஸ்டெத்தை எடுத்ததும் வட்டமாகத் தடம். பெல்லை அழுத்தினால் அடியில் தோல் இறுகி அதுவே டயாஃப்ரம் ஆகிவிடும், கனத்த ஒலி அமுங்கிப் போகும். நான்காவது மாணவி விரலைத் தளர்த்தி, பெல் நழுவாத அளவுக்கு மட்டும் பிடித்தார். "தூரத்துல லாரி போற மாதிரி இருக்கு சார்." அதுதான் அந்த மர்மர். ஐந்தாவதாக யாரையும் விடவில்லை. ஒரு நோயாளிக்கு நாலு பேர், ஆளுக்கு இரண்டு நிமிடம், அதற்கு மேல் அவரைத் தொந்தரவு செய்யக் கூடாது.

மீதி எட்டுப் பேருக்குப் பதிவு செய்த ஒலியைப் போட்டுக் காட்டலாம் என்று மொபைல் ஸ்பீக்கரில் போட்டோம். எஸ் த்ரீயும் (மூன்றாம் இதய ஒலி) இந்த லாரிச் சத்தமும் அதில் வரவே வராது. சின்ன ஸ்பீக்கருக்கு அவ்வளவு தாழ்ந்த ஒலி எட்டாது. காதை மூடும் ஹெட்போன் வேண்டும்.

எனக்கு இன்னும் உறுத்துவது கேஸ் ஷீட் (நோயாளியின் விவரத் தாள்) விஷயம். வியாதியை முன்பே சொல்லிவிட்டால் எல்லோருக்கும் 'கேட்டுவிடும்'. சந்தேகம் வந்து, இதயத்தில் குறையே இல்லாத ஒருவரிடம் எதுவும் சொல்லாமல் கூட்டிப் போனோம். ஏழு பேர் மர்மர் என்றார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். 1997இல் அமெரிக்காவில் பயிற்சி மருத்துவர்களுக்கே வைத்த சோதனையில், பதிவான இதய ஒலிகளில் அவர்கள் சரியாகச் சொன்னது சுமார் ஐந்தில் ஒரு பங்குதான். அன்றிலிருந்து கேஸ் ஷீட்டை மூடி வைத்தோம். ஆளுக்கு ஒரு தாள், பக்கத்தில் இருப்பவரிடம் பேசாமல் எழுத வேண்டும்: சிஸ்டலியா டயஸ்டலியா, எங்கே பலமாக, எந்தப் பக்கம் பரவுகிறது, கீச்சா கனமா. வியாதியின் பெயர் எழுதக் கூடாது.

கடைசி நாள் வந்த தாள்களில் ஒன்பதில் சிஸ்டலி, ஏபெக்ஸ், அக்குள் பக்கம், கீச்சு என்று இருந்தது. ஒன்றில் 'தெரியவில்லை, திரும்பக் கேட்க வேண்டும்' என்று எழுதியிருந்தது. அந்தத் தாளுக்கும் முழு மதிப்பெண் போட்டேன்.