ஈரப்பதக் கணக்கில் விழுந்து எழுந்தவனின் குறிப்புகள்

சென்ற வாரம் முடிவு வந்தது. மரப் பொருள் சோதனைத் தாளில் இந்த முறை 71 மதிப்பெண். முதல் முறை 38 வாங்கி அரியர் வைத்திருந்தேன். முதுநிலை மர அறிவியலில் இந்தத் தாளின் அமைப்பு எப்படியிருக்கும் என்பதைப் படிப்பவர்கள் அறிவார்கள் என்பதால் அதை விட்டுவிட்டு, நான் எங்கே விழுந்தேன் என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

முதல் தேர்வில் வந்த ஈரப்பதக் கணக்கில், காயாத பச்சை மரத் துண்டின் எடை 210 கிராம் என்றும் 103 டிகிரி ஓவனில் எடை மாறாத நிலை வரை உலர்த்திய பின் 100 கிராம் என்றும் கொடுத்திருந்தார்கள். முதலில் நான் சரியாகவே போட்டேன். போன நீரை உலர் எடையால் வகுத்ததில் விடை 110 விழுக்காடு என்று வந்தது. ஒரு பொருளில் அதன் எடைக்கு மேல் தண்ணீர் எப்படி இருக்கும் என்று பயந்து, அதை அடித்துவிட்டு, ஈர எடை 210-ஆல் வகுத்து 52 என்று மாற்றினேன். அந்த விடையை வைத்தே அடுத்தடுத்த பிரிவுகளில் அடர்த்தியையும், வலிமையை 12 விழுக்காட்டு ஈரப்பதத்துக்குத் திருத்துவதையும் போட வேண்டியிருந்ததால், அந்தப் பக்கம் முழுவதும் கவிழ்ந்தது.

பயம் மட்டும் காரணமில்லை. கல்லூரி விடுமுறைகளில் மணலிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில், பாய்லருக்கு வரும் சவுக்கு விறகை எடைபோட்டு ஈரம் கணக்கிடும் வேலைக்குப் போயிருக்கிறேன். எரிபொருளாக வாங்கும் விறகுக்கு மொத்த எடையால் வகுப்பதுதான் வழக்கம், ஏனெனில் லாரியில் வந்த எடைக்குத்தான் காசு. மர அறிவியலில் பகுதியில், அதாவது வகுக்கும் எண்ணாக, நிற்பது உலர் எடை. ஈர எடை பருவத்துக்கும் இடத்துக்கும் ஏற்ப மாறிக்கொண்டே இருக்கும். உலர் எடை மாறாது. இரண்டு கணக்குகளும் தத்தம் இடத்தில் சரியானவை. தேர்வில் எந்த இடத்தில் நிற்கிறோம் என்பதை நான் மறந்தேன்.

இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதை ஒரு கதவை வைத்துப் பார்க்கலாம். ஈர எடையால் வகுத்து 23 என்று சொல்லப்படும் கட்டை, உலர் எடைக் கணக்கில் 30-இல், ஏறத்தாழ நார் செறிவு நிலையிலேயே (செல் சுவர்கள் நீரால் நிறைந்து, உட்குழிகளில் நீர் இல்லாத நிலை) நிற்கிறது. அந்த நிலைக்குக் கீழே இறங்கும்போதுதான் மரம் சுருங்கவும், கூடவே வலுப்பெறவும் தொடங்குகிறது. அதைக் காய்ந்ததென்று நம்பிக் கதவாகப் பூட்டிவிட்டால், சென்னை வெயிலில் அது சுருங்குவது முழுவதும் வாடிக்கையாளர் வீட்டில்தான் நடக்கும்.

இரண்டாம் முறைக்கு வியாசர்பாடியில் எங்கள் வீட்டு மாடியில் இருந்து படித்தேன். பகலில் கீழே அறுவை மில் ஓடும் என்பதால், அது நின்ற பிறகு இரவில்தான் புத்தகம். கூட்டுப் படிப்பு எனக்கு ஒத்துவராது; ஒத்துவருகிறவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிச் செல்லலாம். அப்பா அதே மில்லில் முப்பது ஆண்டுகளாக மரம் அளக்கிறார். நான் சூத்திரம் எழுதுவதைப் பார்த்து, "தட்டிப் பாத்தா தெரியாதாப்பா?" என்றார். அவருக்குத் தெரியும்தான். ஆனால் தட்டிக் கேட்ட ஓசையைச் சான்றிதழில் எழுத முடியாது. துறைமுகம் வழியே சரக்கு அனுப்புகிறவர் சரக்கு அடுக்கும் மரப் பலகைத் தட்டு (பேலட்) கேட்டால், கட்டையின் நடுப்பகுதி 56 டிகிரியில் 30 நிமிடம் இருந்ததா என்பதே கேள்வி. பூச்சிகள் நாடு விட்டு நாடு போகாதிருக்க வகுத்த பன்னாட்டு விதி அது.

அப்பாவிடமிருந்தும் ஒரு கணக்குக் கிடைத்தது. மரவாடிகளில் சுற்றளவின் கால் பங்கை வர்க்கப்படுத்தி நீளத்தால் பெருக்கி உருட்டு மரத்தின் கன அடி காண்பார்கள். உண்மையான கன அளவில் இது 78.5 விழுக்காடுதான், மீதி அறுவைச் சேதாரத்துக்கு விடப்பட்டதாகக் கொள்வார்கள். இது இந்த முறை அப்படியே வந்தது.

இனி எல்லோரும் அஞ்சும் நெடுவினா: மரத் தொழிலுக்குப் பல்கலைக்கழக ஆய்வும் சோதனையும் எவ்வாறு துணைபுரிகின்றன? முதல் முறை 1906-இல் டேராடூனில் வன ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கியதிலிருந்து வரலாறு எழுதிக் கையை ஒடித்துக்கொண்டேன். இந்த முறை ஒரு புகாரிலிருந்து தொடங்கினேன். கடையில் விற்ற பிளைவுட் அடுக்கு பிரிந்துவிட்டது. குற்றம் பசையிலா, மரத்திலா? சிறு தொழிற்சாலைக்காரரிடம் இதற்கான கருவி இராது என்பதால் கட்டணம் கட்டி ஆய்வகத்துக்கு மாதிரியைக் கொண்டுவருவார். ஐ.எஸ். (இந்தியத் தர விதி) 710 மரைன் பிளைவுட் என்றால் 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தும் பிரியக் கூடாது. கத்திச் சோதனையில் அடுக்கை நெம்பும்போது மர நார் கிழிந்து வந்தால் பசை மரத்தைவிட வலுவானது. வழுவழுப்பாகப் பிரிந்தால் பசையையோ அழுத்தச் சூட்டையோ சந்தேகிக்க வேண்டும். தொழிற்சாலைக்குப் பயன்படுவது தேறியது, தேறவில்லை என்ற ஒரு வரியைவிட இந்த விளக்கம்தான் என்று எழுதினேன். கொடுத்த மாதிரிக்கு மட்டுமே அறிக்கை பொருந்தும் என்பதையும் சேர்த்தேன். பொறுக்கியெடுத்த ஒரு துண்டு தேறியதை வைத்து லாரிச் சரக்கு முழுவதையும் தேறியதாகச் சொல்லும் வழக்கம் உண்டு.

ஆய்வுப் பங்குக்கு மூன்றே எடுத்துக்காட்டுகள் போதும். முன்பு விறகாக எரிந்த ரப்பர் மரம், போரான் மருந்து ஏற்றும் முறையால் பூச்சிக்கும் பூஞ்சைக்கும் தப்பி அறைகலன் மரமானது. டேராடூனில் சொந்தி காமேசன் 1933-இல் செம்பு, குரோமியம், ஆர்செனிக் சேர்ந்த மரக்காப்பு மருந்தைக் கண்டார். பின்னாளில் ஆர்செனிக்கின் நச்சு காரணமாகப் பல நாடுகள் வீட்டுப் பயன்பாட்டில் அதைக் கட்டுப்படுத்தின என்பதையும் எழுதுங்கள். மூன்றாவது, பிளைவுட்டுக்காக உழவர்கள் வளர்க்கும் நம் மலைவேம்பு. மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியின் பணியையும் உழவர் நிலத்தையும் பிளைவுட் ஆலையையும் அது ஒரே பத்தியில் இணைத்துவிடும்.

செய்முறைக்கும் வாய்மொழிக்கும்:

ஐ.எஸ். 1708-இன் வளைவுச் சோதனை அளவுகள் இரண்டையும் மனப்பாடம் செய்யுங்கள்: 5×5×75 செ.மீ. துண்டுக்குத் தாங்கிகளுக்கு இடையிலான தூரம் 70 செ.மீ., 2×2×30-க்கு 28.

எடைபோடும் முன் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு பேசாதீர்கள்; அதற்குள் அதன் ஈரம் மாறிவிடும்.

கணு உள்ள துண்டைக் கொடுத்துச் சோதிக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். என்னிடம் கொடுத்தார்கள்; மறுத்தேன். உடனே, கடையில் விற்கும் மரத்தில் கணு இருக்கும்போது குறையற்ற துண்டைச் சோதிப்பதில் என்ன பயன் என்று கேட்டார் தேர்வாளர். இனத்துக்கு இனம் ஒப்பிட முதலில் குறையற்ற அடிப்படை வேண்டும், தேக்கை 100 என்று வைத்து மற்ற மரங்களுக்கு எண் தருவது அதனால்தான், கணுவுக்கான குறைப்பு தரம் பிரிக்கும்போது வரும் என்றேன். அவர் தலையசைக்கவில்லை, ஆனால் அடுத்த கேள்விக்குப் போனார்.

கணக்கு வினாவில் எண்களைத் தொடும் முன், 'பகுதியில் உலர் எடை' என்று முதல் வரியில் எழுதிவிடுங்கள். நான்கு கணக்குகளிலும் நான் அப்படித்தான் எழுதினேன். நான்காவதில் விடை 132 என்று வந்தது. அடிக்கவில்லை.