பிக் ஸ்டார் கதையை எழுத உட்கார்ந்து ஏழு மாதம்

ஜூனில் ஆரம்பித்தது. ஏ5 அளவில் 40 பக்கம், நடுவில் மடித்து ஸ்டேப்ளர் அடித்த சின்னப் புத்தகம், 25 பிரதி. விற்பனைக்கு இல்லை, தெரிந்தவர்களுக்குக் கொடுக்க. இன்றைய நிலவரம்: 31 பக்கம் முடிந்திருக்கிறது. அதில் 11 பக்கம் இரண்டாவது முறை எழுதியது. ஏன் இரண்டாவது முறை என்பதைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. பிக் ஸ்டார் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், மெம்ஃபிஸ் நகரத்தில் 1971-ல் உருவான ராக் குழு. நான்கு பேர்: கிறிஸ் பெல், அலெக்ஸ் சில்டன், ஆண்டி ஹம்மல், ஜோடி ஸ்டீஃபன்ஸ். பாட்டுப் பதிந்த ஆர்டென்ட் ஸ்டுடியோவுக்கு எதிரே ஒரு மளிகை சூப்பர் மார்க்கெட் இருந்தது. அதன் பெயர் பிக் ஸ்டார். அதையே வைத்துக்கொண்டார்கள். முதல் ஆல்பத்தின் பெயர் 'நம்பர் ஒன் ரெக்கார்ட்'. மளிகைக்கடைப் பெயரில் குழு, முதலிடம் என்று ஆல்பம். விற்றது 10,000-க்கும் கீழே.

நான் உள்ளே போன வழி கொஞ்சம் வேடிக்கையானது. அந்த முதல் ஆல்பத்தில் 'தி இந்தியா சாங்' என்று ஒரு பாட்டு, ஆண்டி ஹம்மல் எழுதியது. இந்தியாவுக்குப் போய், காட்டுக்குள் பெரிய வெள்ளை வீட்டில் இருந்துகொண்டு, ஜின் குடித்தபடி பியானோ வாசிக்க வேண்டுமாம். திண்டுக்கல்லில் ஜூன் மாதப் புழுக்கத்தில், கரண்ட் இல்லாத மொட்டை மாடியில் உட்கார்ந்து இதைக் கேட்டபோது சிரிப்பு வந்தது. அப்புறம் அடுத்த பாட்டு ஓடியது, அதற்கடுத்தது ஓடியது, சிரிப்பு நின்றுவிட்டது. இந்தியாவுக்கு ஆசைப்பட்ட ஹம்மல் இரண்டாவது ஆல்பத்தோடு குழுவை விட்டுக் கல்லூரிப் படிப்பை முடிக்கப் போனார். பிற்பாடு டெக்சஸில் விமானம் கட்டும் லாக்ஹீட் மார்ட்டின் நிறுவனத்தில் வேலை பார்த்தார். இந்த வரியை எழுதும்போது எங்கள் தெருவில் பாதிப் பேர் நினைவுக்கு வந்தார்கள்.

முதல் வரைவு ஆகஸ்டில் முடிந்தது. 38 பக்கம். படித்துப் பார்த்தால் ஒரே ஒப்பாரி. 'துரதிர்ஷ்டம்' என்ற சொல்லை கம்ப்யூட்டரில் தேடச் சொன்னேன்: 17 இடம். கிறிஸ் பெல் முதல் ஆல்பம் விற்காத மனவருத்தத்தில் 1972 முடிவதற்குள் குழுவை விட்டுப் போனவர். அப்பாவின் உணவகத் தொழிலில் வேலை பார்த்துக்கொண்டே தனியாகப் பாட்டு எழுதினார். 1978 டிசம்பர் 27 அன்று பாப்லர் அவென்யூவில் அவருடைய கார் விளக்குக் கம்பத்தில் மோதியது. வயது 27. இதற்கு நான் ஒன்றரைப் பக்கம் கண்ணீர் வடித்திருந்தேன். 27 வயதில் செத்துப்போன ராக் பாடகர்களின் பட்டியல்கூட ஒன்று வைத்திருந்தேன். இப்போது பார்த்தால் கூச்சமாக இருக்கிறது. ஒரு மனிதன் ராத்திரி வீட்டுக்குத் திரும்பும்போது விபத்தில் இறந்ததற்கும் அந்த எண்ணுக்கும் என்ன சம்பந்தம்? பட்டியல் போய்விட்டது. அதே வருஷத்தில் வந்த அவருடைய 'ஐ ஆம் தி காஸ்மோஸ்' சிங்கிள் (ஒரு பாட்டுக்காகத் தனியாக விடும் ரெக்கார்டு) பற்றி இரண்டு பத்தி அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது.

ஆனால் 11 பக்கத்தைக் கிழிக்க வைத்தது இது இல்லை. அது அப்பாவின் வேலை.

அப்பா 22 வருஷம் சோப்பு, பிஸ்கட் ஏஜென்சி நடத்தியவர். ராக் இசை என்றால் அவருக்குச் சத்தம். செப்டம்பரில் ஒருநாள் கண்ணாடி போட்டுக்கொண்டு வரைவைப் புரட்டியவர், ஆல்பம் விற்காத அத்தியாயத்தில் நின்றுவிட்டார்.

"ஏம்மா, பாட்டு நல்லா இருந்துச்சா இல்லையா?"

"ரொம்ப நல்லா இருந்துச்சுப்பா. ஒவ்வொரு பாட்டையும் தனி சிங்கிளா விடலாம்னு தொழில் பத்திரிகையிலயே எழுதுனாங்க."

"அப்ப சரக்குல குத்தம் இல்ல. கடைக்கு யாரு போட்டது?"

அதைச் சொல்ல எனக்கு அரை மணி நேரம் ஆனது. ஆர்டென்ட்டின் ரெக்கார்டுகளை விநியோகித்தது ஸ்டாக்ஸ். ஓடிஸ் ரெடிங், ஐசக் ஹேய்ஸ் எல்லாம் பாடிய, சோல் எனப்படும் கறுப்பின அமெரிக்கர்களின் இசையை வெளியிட்ட பெரிய நிறுவனம், அதே மெம்ஃபிஸ். அவர்களுக்குத் தெரிந்த வானொலி நிலையங்கள், கடைகள், ஆட்கள் எல்லாம் சோல் இசைக்கானவை. கிட்டார் பாப் வாசிக்கும் நாலு வெள்ளைக்காரப் பையன்களை எங்கே கொண்டுபோய் விற்பது என்று அவர்களுக்குப் பிடிபடவில்லை. 1972 கடைசியில் ஸ்டாக்ஸ் தன் விநியோகம் முழுவதையும் கொலம்பியா என்ற பெரிய ரெக்கார்டு நிறுவனத்திடம் ஒப்படைத்தது. ஸ்டாக்ஸ் அதுவரை பயன்படுத்திய ஊர் ஊரான தனி விநியோகஸ்தர்கள் கொலம்பியாவுக்கு வேண்டாம். ஏற்கெனவே கடையில் இருந்த 'நம்பர் ஒன் ரெக்கார்ட்' பிரதிகளும் திரும்ப எடுக்கப்பட்டன. அடுத்த மே மாதம் கொலம்பியாவில் அந்த ஒப்பந்தத்தைப் போட்ட கிளைவ் டேவிஸின் வேலையே போனது. 1974-ல் இரண்டாவது ஆல்பம் 'ரேடியோ சிட்டி' வந்தபோது இரண்டு நிறுவனங்களுக்கும் தகராறு. அது போனது ஏறத்தாழ 20,000 பிரதி. 1975 டிசம்பரில் ஸ்டாக்ஸ் திவால்.

அப்பா கண்ணாடியைக் கழற்றினார். "இதத்தான் நமக்கும் பண்ணுனான்." ஒரு கம்பெனி திடீரென்று மாவட்டத்துக்கே ஒரே ஸ்டாக்கிஸ்ட் என்று ஆக்கி, எங்கள் குடோனில் பெட்டி பெட்டியாகச் சரக்கை நிறுத்திவிட்டுப் போன கதை. எனக்கு அப்போது ஒன்பது வயது. அந்தப் பெட்டிகள் மேல் ஏறி விளையாடியிருக்கிறேன். "புது ஆளு பழைய பில்ல மதிக்க மாட்டான். கடைக்காரரு ஒரு தடவ கேப்பாரு, ரெண்டு தடவ கேப்பாரு. மூணாவது தடவ அந்த எடத்துல வேற பிராண்ட அடுக்கிட்டுப் போயிருவாரு. இதுக்கு ஏம்மா அழுகுற? லைன் அறுந்துபோச்சு, அவ்வளவுதான்."

அன்று இரவே அந்த அத்தியாயத்தைத் தூக்கினேன். காலத்துக்கு முந்திப் பிறந்த மேதைகள், உலகம் இவர்களுக்குத் தயாராக இல்லை என்றெல்லாம் ரசிகர்கள் எழுதுவார்கள், நானும் எழுதியிருந்தேன். ஆனால் 1972-ல் ஒருவர் விமர்சனம் படித்துவிட்டுக் கடைக்குப் போய்க் கேட்டிருந்தால் ரெக்கார்டே இருந்திருக்காது. புதிய அத்தியாயம் லாரி, பெட்டி, பில் என்று போகிறது. எழுத மூன்று வாரம் ஆனது. புத்தகத்தில் எனக்குப் பிடித்த பகுதி இப்போதைக்கு இதுதான்.

ஒரு உபரித் தகவல், சேர்க்காமல் இருக்க முடியவில்லை. 1993 ஏப்ரல் 25 அன்று சில்டனும் ஸ்டீஃபன்ஸும் இரண்டு இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டு பிக் ஸ்டார் பெயரில் மறுபடி மேடை ஏறினார்கள். கூப்பிட்டது மிசௌரி பல்கலைக்கழக மாணவர்களின் வானொலி. அந்த ஊரின் பெயர் கொலம்பியா.

அப்புறம் பெயர்களை எழுதுவது. இது இவ்வளவு படுத்தும் என்று நினைக்கவில்லை. 'செப்டம்பர் கேர்ள்ஸ்' இவர்களுடைய பெயர்பெற்ற பாட்டு. ஆங்கிலத்தில் 'கேர்ள்ஸ்' என்பதை வேண்டுமென்றே தப்பு எழுத்தில் எழுதியிருப்பார்கள். தமிழில் எழுதினால் சரியும் தப்பும் ஒரே மாதிரி வந்து நிற்கிறது. 'கேள்ஸ்', 'கெர்ல்சு' எல்லாம் போட்டுப் பார்த்தேன். படிக்கிறவர் என் எழுத்துப்பிழை என்றுதான் நினைப்பார். கடைசியில் சரியாகவே எழுதிவிட்டு, பக்கத்தில் ஒரு வரி விளக்கம். இன்னொரு தலைவலி டிரம்ஸ் வாசிப்பவர். 'ஜோடி வாசித்தார்' என்று எழுதினால் யாரோ இரண்டு பேர் என்று தோன்றுகிறது. "எந்த ஜோடி?" என்று சித்தி மகள் கேட்டேவிட்டாள். ஆகவே புத்தகம் முழுக்க அவர் மட்டும் முழுப்பெயர்: ஜோடி ஸ்டீஃபன்ஸ்.

அக்டோபர் முழுவதும் மூன்றாவது ஆல்பத்திலேயே போனது. 1974-ல் ஜிம் டிக்கின்சன் தயாரிப்பில் பதிந்தார்கள். அப்போது குழுவில் மிச்சம் சில்டனும் ஸ்டீஃபன்ஸும்தான். சோதனைப் பிரதிகளை எடுத்துக்கொண்டு நிறுவனம் நிறுவனமாகப் போயும் வாங்க ஆள் இல்லை. 1978-ல்தான் வெளிவந்தது. அதற்குள் குழுவே இல்லை. பாட்டு வரிசை இதுதான் என்று முடிவு செய்யாமலே விட்டதால், பதிப்புக்குப் பதிப்பு வரிசை மாறுகிறது. பெயர்கூட இரண்டு: 'தேர்ட்' என்றும் சொல்வார்கள், 'சிஸ்டர் லவ்வர்ஸ்' என்றும் சொல்வார்கள். வரிசைகளைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டு அட்டவணை ஒன்று செய்தேன். ரொம்பப் பெருமையாக இருந்தது. படித்த நான்கு பேரில் நான்கு பேரும் அதைத் தாண்டிப் போனார்கள். எடுத்துவிட்டேன்.

அதற்குப் பதிலாக வந்தது பந்து. அந்த ஆல்பத்தில் 'டவுன்ஸ்' என்ற பாட்டில் ஸ்னேர் டிரம் இருக்க வேண்டிய இடத்தில் கூடைப்பந்து ஒன்றைத் தட்டியிருக்கிறார்கள். ஹெட்ஃபோனில் கேட்டால் ஒரு மாதிரி உப்பிய, காற்றடைத்த சத்தம். நம்பாமல் பக்கத்து வீட்டுப் பையனின் பந்தை வாங்கி, ரெட் ஆக்சைடு தரையில் வைத்து உள்ளங்கையால் அடித்து, போனில் பதிந்து கேட்டேன். காற்றுக் குறைந்த பந்து 'தொப்'. நன்றாகக் காற்றடித்தால் 'டங்' என்று ஒரு மணிச்சத்தம் கூடவே வருகிறது. இதை எழுத அரைப் பக்கம் போதுமாக இருந்தது. படித்த எல்லோரும் அந்தப் பாட்டைத் தேடிக் கேட்டார்கள்.

சில்டனைப் பற்றிய பகுதி இன்னும் ஆறவில்லை. 16 வயதில் பாக்ஸ் டாப்ஸ் குழுவோடு 'தி லெட்டர்' பாடி, 1967-ல் நாலு வாரம் அமெரிக்காவில் முதலிடத்தில் இருந்தவர். இரண்டு நிமிடம்கூட இல்லாத பாட்டு. எண்பதுகளில் நியூ ஆர்லியன்ஸில் ஒரு உணவகத்தில் பாத்திரம் கழுவினார். ரசிகர்கள் இங்கே வயலினை எடுத்துவிடுவார்கள். அதே மனிதர் 1980-ல் கிராம்ப்ஸ் குழுவின் ஆல்பத்தைத் தயாரித்தார், தனி ஆல்பங்கள் போட்டார், பிக் ஸ்டாரை எல்லோரும் தலையில் தூக்கி ஆடுவதைப் பார்த்து அலுத்துக்கொண்டார். பாத்திரம் கழுவியதை ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகிறேன். அது ஒரு வேலை. அவர் இறந்தது 2010 மார்ச் 17. மூன்று நாள் கழித்து ஆஸ்டினில் பிக் ஸ்டார் வாசிப்பதாக இருந்தது. அந்த மேடை அஞ்சலிக் கச்சேரியாக மாறியது. ஹம்மலும் அதே வருஷம் ஜூலையில் போய்விட்டார்.

சோதனை அச்சு டிசம்பரில். ஜெராக்ஸ் கடையில் இரண்டு பக்கமும் அடிக்கச் சொன்னபோது, தாளை எந்த ஓரத்தில் திருப்புவது என்று நான் கவனிக்கவில்லை. மடித்துப் பார்த்தால் ஒவ்வொரு தாளின் பின்பக்கமும் தலைகீழ். சின்ன ஓரத்தில் திருப்ப வேண்டும் என்பது இப்போது பச்சை குத்தின மாதிரி மனதில் இருக்கிறது. இன்னொரு பாடம் 'ரேடியோ சிட்டி' அட்டை. வில்லியம் எகிள்ஸ்டன் எடுத்த புகைப்படம்: ரத்தச் சிவப்பில் ஒரு கூரை, நடுவில் வெறும் பல்பு, அதிலிருந்து ஓடும் வெள்ளை ஒயர்கள். என்னிடமிருந்த ரெக்கார்டு அட்டையைச் சோதனைக்கு நகலெடுத்தேன். கறுப்பு வெள்ளையில் அது வெறும் கரித்துண்டு. படம் வேண்டாம் என்று முடிவு. சிவப்பைச் சொல்லில் சொல்லிப் பார்க்கிறேன், ஆறாவது முயற்சி ஓடுகிறது. முதல் அட்டையின் நட்சத்திரத்தை மட்டும் கையால் வரைந்து வைத்திருக்கிறேன், ஒரு கால் கொஞ்சம் நீளம்.

மிச்சம் இருப்பது ஜோடி ஸ்டீஃபன்ஸ். முதல் வரைவில் இவருக்கு நான்கு வரிதான் கொடுத்திருந்தேன். செத்துப்போகவில்லை, சண்டை போடவில்லை, காணாமல் போகவில்லை. 1987-ல் ஆர்டென்ட்டுக்கே வேலைக்குத் திரும்பினார், பழைய நாடாக்கள் இருக்கும் அதே கட்டிடம். முதலில் இருந்த நால்வரில் இன்று இருப்பவர் அவர் ஒருவர்தான். இன்னும் வாசிக்கிறார். 'வே அவுட் வெஸ்ட்' பாட்டில் பாடுவதும் அவர்தான், இதை நான் நாலு மாதம் கழித்துத்தான் கவனித்தேன். குரலில் ஒரு தயக்கம் இருக்கும். டிரம்ஸுக்குப் பின்னாலிருந்து முன்னால் வரச் சொன்ன மாதிரி.

அவருக்கு இப்போது ஆறு பக்கம் ஆகியிருக்கிறது, இன்னும் முடியவில்லை. ஆனால் பக்க எண்ணிக்கை நாலு நாலாகத்தான் கூட வேண்டும். 40-க்குள் அடக்க வேண்டுமென்றால் பெல் விபத்துப் பகுதியை இன்னும் சுருக்க வேண்டும். இல்லாவிட்டால் 44. அதற்கு 11 தாள். கடையில் இருக்கும் ஸ்டேப்ளர் 11 தாளில் ஏறுமா என்று நாளைக்குப் போய்ப் பார்க்க வேண்டும்.