4,800 என்று வந்தபோதே சந்தேகம்

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு மொத்த வியாபாரத் துணிக்கடையின் பில்லிங் சர்வரைப் பார்த்துக்கொள்வது நான்தான். போன மழைக்காலத்தில் ஒருநாள் கரண்ட் போனது, யுபிஎஸ்ஸும் கைவிட்டது. திரும்ப ஆன் செய்தால், பில்களை வைத்திருக்கும் டேட்டாபேஸ் சாஃப்ட்வேரான போஸ்ட்கிரெஸ் எழவே இல்லை. முந்தைய இரவு எடுத்த பேக்கப் காப்பாற்றியது. ஆனால் அன்றைய பில்கள் போயே போச்சு.

"கரண்ட் போனா கணக்கும் போயிடுமா தம்பி?" என்றார் முதலாளி. நியாயமான கேள்வி. கமிட் ஆன, அதாவது 'பதிவாகிவிட்டது' என்று டேட்டாபேஸ் உறுதி சொன்ன பில் போகக் கூடாது, அதற்குத்தானே டேட்டாபேஸ்.

கடை சாத்தியபின் இரவு 11 மணிக்கு உட்கார்ந்தேன். முதலில், டிஸ்க்கில் எழுதும் வேகத்தைப் பார்க்க டிடி கமாண்ட். வினாடிக்கு 1 ஜிபிக்கு மேல் காட்டியது. அது ரேமின் வேகம், டிஸ்க்கின் வேகமே இல்லை. அப்புறம் போஸ்ட்கிரெஸோடு வரும் பிஜி_டெஸ்ட்_எஃப்சிங்க்கை ஓட்டினேன். எஃப்சிங்க் என்றால் 'டிஸ்க்கில் நிஜமாக எழுதிவிட்டுச் சொல்' என்ற உத்தரவு; அது வினாடிக்கு எத்தனை நடக்கிறது என்று எண்ணும். வினாடிக்கு 4,800.

வயிற்றைக் கலக்கியது. உள்ளே இருப்பது 7,200 ஆர்பிஎம் ஹார்ட் டிஸ்க். நிமிடத்துக்கு 7,200 சுற்று என்றால் வினாடிக்கு 120. ஒவ்வொரு எஃப்சிங்க்கும் நிஜமாகவே தட்டில் விழுந்தால், ஒரே இடத்தில் அடுத்து எழுதத் தட்டு ஒரு சுற்று வந்தாக வேண்டும், 8.3 மில்லிசெகண்ட். 120-ஐத் தாண்டவே முடியாது. எங்கோ யாரோ 'எழுதியாச்சு' என்று பொய் சொல்கிறார்கள்.

எழுத வேண்டியதை டிஸ்க் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் ரைட் கேஷை அணைத்துப் பார்த்தேன், நம்பர் அசையவில்லை. கடைசியில் மாட்டியது, சர்வருக்குள் விர்ச்சுவல் கம்ப்யூட்டர்களை (விஎம்) ஓட்டும் கேவிஎம்மின் செட்டிங்கில். டேட்டாபேஸ் ஓடும் விஎம்முக்கு கேஷ் மோட் 'அன்சேஃப்'. பெயரிலேயே எழுதி ஒட்டியிருக்கிறது! அந்த மோடில் 'கேஷில் இருப்பதை எழுது' என்ற ஃப்ளஷ் உத்தரவு டிஸ்க்குக்குப் போவதே இல்லை. எனக்கு முன்னால் இருந்தவர் வேகத்துக்காக வைத்திருப்பார் போல. 'நன்' (none) என்று மாற்றினேன். 4,800 போய் 85 வந்தது. அதுதான் உண்மை.

உண்மைக்கு மறுநாளே விலை கொடுத்தோம். அந்த சாஃப்ட்வேர் பில்லின் ஒவ்வொரு வரியையும் தனித்தனியாக கமிட் செய்யும், ஒவ்வொரு கமிட்டுக்கும் ஒரு எஃப்சிங்க். 60 வரி பில், 7 கவுண்டர். மாலையில் வரிசை வாசலுக்கு வந்துவிட்டது.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் சுழலும் தட்டே இல்லாத ஒரு சாதாரண எஸ்எஸ்டி வாங்கினேன். பெட்டியில் போட்டிருந்த வேகம் பிரமாதம். டிஸ்க்கைச் சோதிக்கும் ஃபியோவில், ஒரு தடவைக்கு 8 கேபி எழுதி, ஒவ்வொரு தடவைக்கும் ஒரு எஃப்சிங்க் என்று ஓட்டினால் வினாடிக்கு 500 சொச்சம்தான். அது என் லேப்டாப்புக்குப் போனது. அடுத்து, கெப்பாசிட்டர் வைத்த சர்வர் எஸ்எஸ்டி. கரண்ட் போனாலும் கையில் இருப்பதை எழுதி முடிக்கும் அளவு அதில் சார்ஜ் நிற்கும். அதனால் தன் கேஷில் வாங்கியதுமே அது தைரியமாக 'ஆச்சு' என்று சொல்லலாம். 11,000-ஐத் தாண்டியது.

இந்த முறை நம்பரை மட்டும் நம்பவில்லை. வரிசை எண்களை ஒவ்வொன்றாக கமிட் செய்து, ஆனதும் என் லேப்டாப்புக்குச் சொல்லும்படி ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். ஓடும்போதே பிளக்கைப் பிடுங்கினேன். முதலாளி பக்கத்திலேயே நின்றார். லேப்டாப்பில் கடைசி எண் 41,206. சர்வர் எழுந்தபின் பார்த்தால் 41,207.

"ஒண்ணு கூடுதே?"

"எழுதிட்டுச்சு சார், சொல்றதுக்குள்ள கரண்ட் போயிடுச்சு."