வாண்டர்பில்ட் 40, அலபாமா 35!!

ஸ்கோரை மறுபடி மறுபடி எடுத்துப் பார்க்கிறேன், மாறவில்லை. 2024 அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் (கையில் பந்தோடு ஓடும் அமெரிக்க ஆட்டம்) நாட்டின் நம்பர் 1 அணியான அலபாமாவை எங்கள் வாண்டர்பில்ட் பல்கலைக்கழக அணி தோற்கடித்துவிட்டது! போன வாரம்தான் ஜார்ஜியாவை 41-34 என்று சாய்த்துவிட்டு எங்கள் ஊர் நாஷ்வில்லுக்கு வந்தது அலபாமா. நாங்களோ மூன்று வாரம் முன்னால் ஜார்ஜியா ஸ்டேட்டிடம் தோற்றவர்கள். அலபாமாவை இதற்கு முன் கடைசியாக ஜெயித்தது 1984-இல். தரவரிசையில் முதல் ஐந்தில் இருந்த அணியை இந்த ஆட்டத்துக்கு முன் வென்றதே கிடையாது.

குருட்டு அதிர்ஷ்டம் என்று யாரும் கமெண்டில் வராதீர்கள். 60 நிமிட ஆட்டத்தில் 42 நிமிடம் பந்து நம்மிடம்தான். அலபாமா பக்கம் 17 வயது ரயன் வில்லியம்ஸ் பந்தைப் பிடித்து ஓட ஆரம்பித்தால் பிடிக்க ஆள் இல்லை. சரி, அவன் கைக்குப் பந்தே போகாவிட்டால்? அதைத்தான் செய்தார்கள். பத்து கெஜம் முன்னேற நான்கு முயற்சிதான், அதனால் மூன்றாவது முயற்சி வரும்போதெல்லாம் எனக்கு வயிறு கலக்கும், எங்கள் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) டியேகோ பவியாவுக்கு மட்டும் ஒன்றும் ஆகாது. பெரிய கல்லூரிகள் கண்டுகொள்ளாத பையன், நியூ மெக்சிகோ ஸ்டேட்டிலிருந்து வந்தவன். கடைசியில் நேரத்தைக் கரைத்து ஆட்டத்தை முடித்த விதம் இருக்கிறதே, அடடா!

அப்புறம் மாணவர்கள் கோல் கம்பத்தைப் பிடுங்கி, பிராட்வே தெரு வழியாகத் தூக்கிக்கொண்டு போய் கம்பர்லாந்து ஆற்றில் போட்டுவிட்டார்கள். அபராதம் வரும், வரட்டும்.

அடுத்த சனிக்கிழமை கென்டக்கி அணியோடு ஆட்டம். அலபாமா ரசிக நண்பர்களே, போனை எடுங்கப்பா.