செய்தித்தாளில் டாடா இன்ஸ்டிடியூட்

பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு இந்திய அறிவியல் கழகம் என்பதைவிட டாடா இன்ஸ்டிடியூட் என்ற பெயரே பழக்கம். 1909-இல் எங்கள் நகரில் தொடங்கப்பட்ட அந்தக் கழகம் எப்போது, எதற்காகச் செய்தியாகிறது என்பதை நெடுநாளாகக் கவனித்து வருகிறேன்.

திருச்சியில் பிறந்த சி. வி. ராமன் 1933-இல் அதன் முதல் இந்திய இயக்குநரானார்; நிர்வாகப் பூசல்களால் 1937-இல் அப்பொறுப்பை விட்டு விலகினார். ராமனைப் பற்றிய கட்டுரைகளில் இந்தப் பூசலுக்கு இன்றும் இடமுண்டு. 1972-இல் இயக்குநர் சதீஷ் தவான் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனமான இஸ்ரோவின் தலைமையையும் ஏற்றபின், கழகத்தின் பெயர் ராக்கெட் செய்திகளோடு சேர்ந்து வந்தது.

2005 டிசம்பர் 28 அன்று மாலை வளாகத்தில் நடந்த துப்பாக்கிச் சூட்டில், மாநாட்டுக்காக டெல்லியிலிருந்து வந்திருந்த கணிதப் பேராசிரியர் ஒருவர் உயிரிழந்தார். அதன்பின் பல நாள்கள் பாதுகாப்பு, வாயிற்கதவு, சோதனை என்பவை மட்டுமே பேசப்பட்டன. அவர் வாழ்நாளெல்லாம் செய்த கணிதத்தைப் பற்றி நான் படித்த செய்திகளில் ஒரு பத்திகூட இல்லாதது இன்னும் என்னை வருத்துகிறது.

2016 முதல் ஆண்டுதோறும் தேசியத் தரவரிசை வெளியாகும் நாளில், பல்கலைக்கழகப் பிரிவில் முதலிடம் என்ற ஒரே வரி திரும்பத் திரும்ப அச்சாகிறது. அதே கழகத்தினர் முதுமலைக் காட்டில் 50 ஹெக்டேர் பரப்பில் 1980-களின் இறுதியிலிருந்து மரங்களை ஒவ்வொன்றாக அளந்து, வறட்சியும் காட்டுத்தீயும் யானையும் அவற்றை என்ன செய்கின்றன என்று பதிவுசெய்து வருகிறார்கள். அந்தப் பொறுமையான உழைப்பைப் பற்றிய முழுப்பக்கக் கட்டுரை ஒன்றைத் தமிழில் படிக்க நான் காத்திருக்கிறேன்.